பாதிக் குளிசை

தலைமைக் கதிரையை அழகுசெய்யும் வீரகத்தி ஐயா அவர்களே, வெயிலை வென்று வந்திருக்கும் பெரியோரே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் அன்னையரே! உங்கள் பளைப் பட்டினத்தில் வீடு வீடாய் ஏறி, கையை நீட்டச் சொல்லி இரத்த அழுத்தம் பார்த்த தாதி பிரஷாந்தினியின் பணிவான வணக்கம்.

நாற்பது நாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எந்தப் படலையைத் திறந்தாலும் ஒரே பதில்: "எனக்கொரு நோய் வருத்தமும் இல்லைப் பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ." பின்வரிசை ஐயா சிரிக்கிறார். ஓம் ஐயா, உங்கள் வீட்டிலும் குடித்தேன். மூன்று கரண்டி சீனி போட்டீர்கள், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் மட்டும் என் பேனை நின்றுவிட்டது. முன்வரிசையில் இருக்கிற நாகேஸ்வரி அம்மாவின் வீடு. அவாவிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். மூன்று வருடமாய்த் தவறாமல் கிளினிக்குக்குப் போய் அழுத்த மாத்திரை, நம்ம குளிசை, எடுக்கிறவா. அழுத்தமோ இருநூறு!

"குளிசை போடுறனீங்களோ அம்மா?"

"போடுறன் பிள்ளை. பாதி."

"மற்றப் பாதி?"

அவா வேலிப் பக்கம் பார்த்தா.

வேலிக்கு அப்பால் இரஞ்சிதம் அக்கா. கணவர் படுக்கையில். அவரைத் தனியே விட்டுக் கிளினிக்குக்குப் போக அவாவால் முடியவில்லை. போர்க்காலத்தில் அகதி முகாமில் ஒரு பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்ற இருவரும், இங்கே ஒரு குளிசையை முறித்து விழுங்கியிருக்கிறார்கள். அக்காவுக்கும் பார்த்தேன். இருநூற்றுக்கு மேலே.

மலைத்து நின்றேன், சபையோரே. தன் உயிரில் பாதியை வேலிக்கு மேலால் நீட்டுகிற மனம் எங்கே விளைகிறது? அதை எந்தப் படிவத்தில் எழுதுவேன்? எந்தக் கட்டத்துக்குள் அடைப்பேன்? ஆனால் அன்னையரே, பாணைப் பங்கிட்டபோது இருவரும் பிழைத்தீர்கள். குளிசையைப் பங்கிட்டால் இருவரும் விழுவீர்கள். அதை அன்றே சொன்னேன்.

நாகேஸ்வரி அம்மாவுக்குக் கோபம். "அப்ப அவளைச் சாக விடவோ?"

"இல்லையம்மா. அவாவைக் கிளினிக்குக்கு விடுங்கோ. நீங்கள் அவரோட இருங்கோ."

அவா நெற்றியில் தட்டிக்கொண்டா. "இது ஏன் எனக்குத் தோன்றேல்லை" என்றா.

போன செவ்வாய் இரஞ்சிதம் அக்கா கிளினிக்குக்கு வந்தா, தன் பெயரெழுதிய கிளினிக் கொப்பியோடு. அந்நேரம் நாகேஸ்வரி அம்மா அங்கே அக்காவின் கணவருக்குக் கஞ்சி பருக்கினா.

சற்று முன், நான் மேடையேறும்போது நாகேஸ்வரி அம்மா என் கையைப் பிடித்தா. "முழுக்குளிசை விழுங்கேக்க களவெடுத்த மாதிரி இருக்கு பிள்ளை" என்றா.

விழுங்குங்கோ அம்மா. வேலிக்கு அப்பால் அவாவும் முழுசாத்தான் விழுங்குகிறா.

எனக்குக் கை நீட்டிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என் இரு கைகூப்பிய நன்றி, வணக்கம்.