பாதிச் சம்பளத்துக்கும் இங்கதான் கிடப்பான்

"'அத்தே, உங்க வாய்தான் எங்க சோத்துல மண்ணைப் போட்டுச்சு!' இதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம, என் மருமக என்னைப் பார்த்துச் சொல்றா. கேட்டியா இந்த அநியாயத்தை? நான் மண்ணு போட்டேனாம். நான்!"

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கோயில் ஹாலில் மீன் பொரிக்கிற வாடை கோட்டுப் பைக்குள் வரைக்கும் ஏறியிருந்தது. காலி மேஜைகள் எத்தனையோ இருக்க, பெர்னடெட் ஸவாட்ஸ்கி தன் தட்டைக் கொண்டுபோய் வைத்தது கொரினுக்கு நேர் எதிரே. அவள் வந்தது மீனுக்காக இல்லை. கொரினின் கணவன்தான் ஏரிக்கரை அமெரிக்க ஃபுட்பால் டீமுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறவன். பெர்னடெட்டின் மகன் ரோமன் அந்த டீமில் முன்வரிசைத் தடுப்புக்காரன். வரும் புதன்கிழமைக்குள் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதி, இல்லையென்றால் நடையைக் கட்டு என்று ரோமனுக்குச் சேதி வந்திருந்தது.

கொரின் வாயில் மீன் இருந்தது. பெர்னடெட்டுக்கு அது போதும்.

"எல்லா டீமுக்கும் வருஷத்துக்கு ஒரே உச்சவரம்பு, ஆட்டக்காரங்களோட மொத்தச் சம்பளம் அதுக்கு மேல போகக் கூடாதுங்கறாங்க. சரி, நியாயம்தான். எங்க ஸ்கூல் சிஸ்டருங்களும் பாவாடை முட்டிக்கு மேல போகக் கூடாதுன்னு ஸ்கேலோட நிப்பாங்க. நாங்க என்ன பண்ணுவோம்? அவங்க தலை மறைஞ்சதும் இடுப்புல ஒரு மடிப்பு! உன் வீட்டுக்காரர் பண்றதும் அதே மடிப்புதான் கண்ணு, கோவிச்சுக்காதே.

"போன வருஷம் வந்தாரு. 'ரோமன், உன் இந்த வருஷச் சம்பளத்தை போனஸ்னு பேர் மாத்தி இப்பவே மொத்தமா கையில தர்றேன். கணக்குல மட்டும் அஞ்சு துண்டா நறுக்கி, வருஷத்துக்கு ஒண்ணா போட்டுக்கறேன்'னாரு. என் புள்ளைக்கு முட்டி ரெண்டும் கழண்டு கிடக்கு. ஒப்பந்தம் ரெண்டே வருஷம். அப்புறம் அஞ்சு துண்டு எப்படி வந்துச்சு? மீதி மூணும் பொய் வருஷம்! காகிதத்துல மட்டும் இருக்கும், அதுல யாரும் ஆட மாட்டாங்க. நம்ம சாமியார்கிட்ட சொன்னா பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொல்வாரு... அந்தக் கோஸை இப்படித் தள்ளு, நீதான் தின்னலையே.

"ஆனா நான் சந்தோஷமாதான் இருந்தேன். ஏன்னு கேளு. ரோமனை வெளிய அனுப்பினா, நறுக்கின மிச்சத் துண்டெல்லாம் ஒண்ணா வந்து இந்த வருஷக் கணக்குலயே விழும். ஆடாத ஆளுக்கு உச்சவரம்புல அத்தனை இடம் போயிடும். செத்த பணம்னு பேரு. அந்தப் பயத்துலயே இவனை வெச்சுக்குவாங்க, டீமோட வாலு நம்ம கையிலன்னு நினைச்சேன். உன் வீட்டுக்காரர் லேசுப்பட்டவரா? மார்ச்சுலயே அனுப்பிட்டு, கணக்குல மட்டும் ஜூன் தாண்டிப் போனதா எழுதலாமாம். செத்த பணத்துல பெரும் பங்கு அடுத்த வருஷத் தலையில! ஒரே பொணத்தை வெட்டி ரெண்டு தவணையில புதைக்கிறது எந்த ஊர் வழக்கம்மா? எல்லாம் எதுக்கு? பந்து எறியுற அந்தப் பொடியனுக்குக் கொட்டிக் கொடுக்க இடம் வேணும்.

"சரி, அதை எல்லா டீமும்தான் பண்ணுது. பாதிச் சம்பளம்னு கேக்குற துணிச்சல் எங்கேருந்து வந்துச்சு? அதுக்குத்தான் மருமக என்னைப் பிடிச்சு உலுக்குறா. போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் இங்கதான் பியரோகிக் கொழுக்கட்டை தின்னுட்டிருந்தாரு. 'ரோமன் எப்படி இருக்கான்'னு கேட்டாரு. மரியாதைக்குக் கேட்டவருக்கு மரியாதையா பதில் சொன்னேன். 'அவனுக்கென்ன, பாதிச் சம்பளம் கொடுத்தாலும் இங்கதான் கிடப்பான்'னேன். அது பெருமைக்குச் சொல்றதும்மா! பெத்தவ வேற எப்படிப் பேசுவா? அதைப் போய் யாராச்சும் விலைன்னு எடுத்துக்குவாங்களா? திங்கக்கிழமை ரோமனோட ஏஜென்ட் போன் பண்றான். பாதியாம். காவாசி குறைச்சுக்கோன்னு சொல்லல, அரைக்கால் குறைச்சுக்கோன்னு சொல்லல. அளந்து வெச்ச மாதிரி பாதி!"

கொரின் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இரு, இரு. நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. பெர்னடெட் அன்னிக்குச் சும்மா உளறிட்டா, ரோமனைத் தெற்கே ஒரு டீம் கூப்பிடுது, பெட்டி கூடக் கட்டியாச்சுன்னு வீட்டுல சொல்லு... என்ன பார்க்குறே? நம்பலையா? நிஜமாத்தான். மருமகதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறா. சின்னப் பேத்திக்கு மூச்சிழுப்பு, இந்த ஊர் டாக்டரை விட்டா உசிரே போயிடும்கறா. புதுசாக் கட்டறேன்னு சமையல்கட்டை வேற உடைச்சுப் போட்டுட்டா. ரோமன் பாவம், காலைல என் முன்னாடி உட்கார்ந்து, 'அம்மா, பிடிவாதமா நின்னா காவாசிச் சம்பளத்துக்குக் கூடக் கையெழுத்துப் போட்டுடுவேன், குழந்தையை எங்க தூக்கிட்டு அலையறது'ன்னு..."

பெர்னடெட்டின் முட்கரண்டி தட்டில் நின்றது.

கொரின் எழுந்து, பாதி மீனோடு தட்டைக் குப்பையில் சாய்த்து, கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவை எட்டும் முன்பே போன் அவள் காதில் இருந்தது.

"கொரின்... கண்ணு... அந்தக் காவாசி விஷயத்தை மட்டும் அவருகிட்ட சொல்லிடாதே, என்ன?"