கல்லடிக் கணினிக்குச் சரி போடாதது

எனக்குத் தேநீர் தனியாகக் குடிக்கப் பிடிக்காது. நீங்கள் கொழும்பிலிருந்து விசாரிக்க வந்தது கணினிப் பழுதைப் பற்றி ஐயா. அது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாயிரத்து ஏழு. சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனங்களின் பெயர்களைக் எங்கள் நிவாரண அலுவலகத்தின் கல்லடிக் கிளையில் சுகிர்தமலர் பதிவாள். அவை கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நகரத்தில், என் அறையிலிருக்கிற பொதுத் தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அந்தக் குடும்பங்களுக்கு உலர் உணவு கிடைக்கும். அறையில் நானும் குளிரூட்டியும்தான். மண்டூரில் அம்மா காலமான பிறகு என்னோடு பேசவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

மாசியில் ஒருநாள் இணைப்பு நின்றது. பயர்வோல் என்பது கணினிக்குள் நிற்கிற சென்றி, சோதனைச் சாவடி மாதிரி. யாரை உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். புதிதாக ஏற்றிய மென்பொருள், கல்லடிக் கணினிக்கு நேரே இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டது. அன்றைய பிழை என்னுடையதல்ல. பெயர்களை ஈமெயிலில் அனுப்பக் கூடாது என்பது அலுவலக விதி. ஆகவே சுகிர்தா சீடியில் பதிந்துகொண்டு பாலம் கடந்து வந்தாள். தேநீர் குடித்தாள்.

"இந்தக் குளிருக்குள்ள எப்பிடி அண்ணன் இருக்கிறீங்க? மீன் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள்.

அவள் போன கையோடு பழுதைக் கண்டுபிடித்தேன். சரி போட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். காலையில் சுகிர்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு வயரைக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். கடவுச்சொல்லை மாற்றினோம். கணினியின் பெயரைக்கூட மாற்றிப் பார்த்தோம்.

"இப்ப வருமா அண்ணன்?"

"பாப்பம் தங்கச்சி."

வராது. மத்தியானம் அவள் வருவாள்.

கணக்குப் பகுதி ஹலீம் வாசலில் நின்று பகிடி விடுவார். "நம்மட அருமைநாயகம்ட மிசினுக்கு சுகிர்தா வந்து முகத்தக் காட்டினாத்தான் சுகம் வருது."

"சும்மா போங்க ஹலீம் நானா" என்பாள்.

நான் அவளிடம் தப்பாக ஒரு சொல் பேசியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரையில் ஒருநாள் தேநீரைத் தொடாமல் இருந்தாள்.

"பாலத்துச் சென்றியில சீடியப் புடுங்கி வெச்சிக்கிட்டாங்க அண்ணன். இவ்வளவு பேர்ட பேரையும் யாருக்குக் கொண்டு போறாய் எண்டு கேட்டுக் கேட்டு, பிறகுதான் தந்தாங்க. இனியும் கொண்டு வந்தா விடமாட்டமாம். எனக்குப் பயமா இருக்கு. இண்டைக்கு எப்பிடியாவது திருத்தித் தாங்க."

ஒரு கிளிக் போதும். சுட்டியில் கையும் வைத்தேன். நாளையிலிருந்து ஒரு கோப்பைதான் என்ற நினைப்பு வந்தது.

"நாளைக்கு ஒருக்கா மட்டும் கொண்டு வா தங்கச்சி" என்றேன்.

"மறுகா?"

"மறுகா வரத் தேவையில்ல."

அடுத்த நாள் காத்தான்குடியிலிருந்து மஸ்கட் அல்வா வாங்கி வைத்திருந்தேன். அவள் வரவில்லை. பாலத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி, வேறொரு வாகனத்தில் ஏற்றியதைச் சனம் பார்த்திருக்கிறது என்று ஹலீம் வந்து சொன்னார். அவர் அழுதார். நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே சரி போட்டுவிட்டேன். இணைப்பு இன்றுவரை நின்றதில்லை. ஆகவே, திருத்தத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி எழுதாதீர்கள். திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவளைப் பாலத்துக்கு வரவழைத்தது நான்.

நீங்கள் உள்ளே வரும்போது வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர் சுகிர்தாவின் தாய். மகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்து களைத்துப்போய், இப்போது வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் வருகிறார். கணினியில் மகளின் பெயர் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று கேட்பார். வராது என்று எனக்குத் தெரியும். காணாமல் போனவர்களுக்கென்று அந்தத் தரவுத்தளத்தில் ஒரு பகுதியே இல்லை. இருந்தாலும் தேடிக் காட்டுவேன். தேநீர் கொடுப்பேன். "வாற கிழமையும் ஒருக்கா வாங்கம்மா, பாப்பம்" என்பேன்.

பாவம், அவருக்கும் பேச ஆளில்லை.