மெர்வா தோட்டத்து மூக்கு

காபியில் ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது என்றீர்கள், ஐயா. இருக்கும். எனக்கு இது சூடான கறுப்புத் தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் வாசனை தெரிவது நின்றுபோனது.

சஹ்லே நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் தோட்டம். மெர்வா என்கிற நாட்டு வெள்ளைத் திராட்சை மட்டும்தான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் பிரெஞ்சு ரகத்துக்கு மாறியும் நாங்கள் மாறவில்லை. ஒவ்வொரு தொட்டி ஒயினையும் முகர்ந்து, இது பாட்டிலுக்கு, இது சாராயம் காய்ச்ச என்று பிரிப்பது வீட்டில் மூத்தவன் வேலை. அதனால் ஊரில் என் பெயர் மூக்கு நக்லே. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, வாசனை தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடி, "வால்நட், தேன், கொஞ்சம் பேரிக்காய்" என்றேன். வாங்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். மூக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட என்னை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

பிறகு என் தம்பி கத்தாஸ் பிரேசிலில் துணி வியாபாரத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். அவனுக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. சிலுவைத் திருநாள் விருந்தில், எல்லார் முன்னாலும் ஒரு கண்ணாடிக் கோப்பையை நீட்டினான்.

"அண்ணே, இது எந்தத் தொட்டின்னு சொல்லு, பாப்போம்."

விஷயம் தெரிந்தவன் குடித்துப் பார்க்க மாட்டான், முகர்ந்தே சொல்வான். நானும் முகர்ந்தேன்.

"மேல் சரிவுத் திராட்சை போட்ட தொட்டி. வால்நட், தேன்."

"பேரிக்கா இல்லையாண்ணே?"

"கொஞ்சம் இருக்கு."

"அண்ணே, அது வெள்ளரிக்கா ஊறுகாத் தண்ணி. அண்ணி ஜாடியிலேருந்து இப்பத்தான் வடிச்சேன்."

பாதிரியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் மனைவி வர்தே சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் ரொட்டிக் கடையில், "வாங்க வெள்ளரி நக்லே, இந்த வருஷம் காய்ப்பு எப்படி?" என்றார்கள். கத்தாஸ் கெட்டவன் இல்லை. தோளில் கை போட்டுத்தான் சொன்னான்: "இனிமே நீ பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுண்ணே. மோந்து பாக்குறத நான் பாத்துக்கறேன்."

மெர்வாவை ஒரு துணிக்காரன் கையில் எப்படி விடுவது? திராட்சையை நினைத்துத்தான் கவலைப்பட்டேன், ஐயா. எனக்காக இல்லை.

எங்கள் தொட்டிகள் தரைக்குள் இறக்கிய சிமென்ட் குழிகள். புது ஒயினை வடித்தபின் அடியில் கிடக்கும் சக்கையை ஒருவர் இறங்கி அள்ள வேண்டும். நொதித்த காற்று அங்கேயே தேங்கியிருக்கும். மூச்சை நிறுத்திவிடும், கண்ணுக்குத் தெரியாது, எந்த மூக்குக்கும் பிடிபடாது. அதனால் தகர டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கயிறு கட்டி அடிவரைக்கும் இறக்குவோம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது.

இந்த வருஷம் சக்கை அள்ளும் நாளில் டப்பாவை இறக்கியது நான். அடிக்குப் போனதும் அணைந்துவிட்டது. மேலே இழுத்துத் திரும்ப ஏற்றி, விளிம்பிலிருந்து ஒரு முழம் மட்டும் இறக்கிப் பிடித்தேன். நன்றாக எரிந்தது. கத்தாஸ் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"எரியுதாண்ணே? பாத்துச் சொல்லு. கண்ணாவது தெரியுதுல்ல?"

"எரியுது."

டப்பாவை வெளியே எடுத்து வைத்தேன். அவன் தன் கிண்டலுக்குத் தானே சிரித்தபடி ஏணியில் இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. காப்பாற்ற இறங்குகிறவனும் அங்கேயே விழுவான், எங்கள் பக்கம் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. இன்னொரு உயிர் வீணாக வேண்டாம் என்று பார்த்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். எரியுதா என்றுதான் தம்பி கேட்டான். எவ்வளவு ஆழத்தில் என்று அவன் கேட்கவில்லை.