பிள்ளைப்பாக்கம் தாண்டினால் டவர் இல்லை

"எம் மகளுக்கு இன்னும் நெத்தி மட்டுந்தான் வந்திருக்கு" என்று முன் இருக்கையில் ஒருவர் சொன்னதும் நிமிர்ந்தேன். ஒரகடம் போகும் கம்பெனி பஸ் அது. திருநெல்வேலிப் பேச்சு. விடியற்காலையில் ஊரில் பிறந்த குழந்தையின் படம் அவர் செல்போனில் பாதியில் நின்றிருந்தது.

"ஸ்ரீபெரும்புதூர்ல நல்லா ஓடும்பா. பிள்ளைப்பாக்கம் தாண்டினா உன் சிம்முக்கு டவர் கெடையாது" என்றார் பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர்.

"கம்பெனி கேட்ல போனை வாங்கிருவாவளே. பிறவு சாயங்காலந்தான்."

"என்னுதுல ஸ்பீடு கீது. இரு, ஹாட்ஸ்பாட் போடறேன்."

கேட் நெருங்கும்போது முகம் முழுதும் வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, அழுவுற?"

"கண்ண மூடியிருக்காளே."

"தெறந்தப்புறம் ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லு. சாயங்காலம் பஸ்ல எம் பக்கத்துலயே ஒக்காரு."