மீதி ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

அக்கிராசனம் வகிக்கும் அருமைப் போதகர் ஐயா அவர்களே, சேலம் வட்டாரச் சபைகளின் மதிப்பிற்குரிய மூப்பர்களே, மழலைகளை மடியிலும் மற்றவர்களைக் கையிலுமாகப் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பரிசுத் தட்டைவிட்டுக் கண்ணெடுக்காத முன்வரிசைக் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் உபதேசியார் மாசிலாமணியின் அன்பு வணக்கம்.

எந்த ஞாயிறு பாடசாலையில் எத்தனை குழந்தைகள் என்று சற்று முன்பு வாசித்தார்கள். நூறு என்றார்கள், கைதட்டினீர்கள். நூற்றிருபது என்றார்கள், பந்தல் அதிரத் தட்டினீர்கள். என் பள்ளியின் முறை வந்தபோது ஒன்று என்றார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரியுங்கள் ஐயா, எனக்கு வருத்தமில்லை. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டோடு அந்தப் பள்ளியை மூடிவிடலாம் என்று மாலையில் தீர்மானம் வருகிறது. அதற்கு முன் பேச எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஆண்டு ஆனி மாதம் வரை என் பள்ளியிலும் இருபத்திரண்டு குழந்தைகள் இருந்தார்கள். எல்லாரும் பண்ணையாட்களின் பிள்ளைகள். பாட்டுக்காகவும் படச்சீட்டுக்காகவும் வந்தார்கள். வந்தவர்கள் கதைக்காகத் தங்கினார்கள். பொய் சொல்லாதே என்றேன், சொல்லாமலிருக்கப் பார்த்தார்கள். பகிர்ந்து உண் என்றேன், ஒரு கொய்யாவை ஏழு பேர் கடித்தார்கள். ஒரு ஞாயிறு, காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னேன். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பரின் அன்பை, அழகாக, அடுக்கடுக்காக, என் குரலில் நானே மயங்கிச் சொன்னேன்.

கேட்டவர்களில் ஒருத்தி ஆத்தாயி. வயது ஒன்பது. சென்னியப்பக் கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்ப்பவள். அதே வாரம் ஒரு குட்டி காணாமற்போயிற்று. குழந்தை என்ன செய்தாள்? நான் சொன்னதைச் செய்தாள். மற்ற ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். புதர் புதராகத் தேடிக் குட்டியைக் கண்டாள். படச்சீட்டில் இருப்பதுபோலவே தோளில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினாள். திரும்பிப் பார்த்தால், ஆடுகள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் நின்றன. மழை காணாமல் வாடிய இளஞ்சோளம் ஆட்டுக்கு நஞ்சு. மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கரும்பலகைக்கு முன்னால் வளர்ந்த எனக்குத் தெரியாது. நான்கு ஆடுகள் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன.

கவுண்டர் கெட்ட மனிதர் அல்ல. குழந்தையை அடிக்கவில்லை. என்னிடம் வந்து, "ஏனுங்க உபதேசியாரே, கதை நல்ல கதைதானுங்க. ஆனா சோளக்காட்டுக்குள்ள பூந்த ஆட்டுக்கு அந்தக் கதை தெரியுமுங்களா? இனி எம்பட பண்ணைப் புள்ளைங்க உங்க பள்ளிக்கு வராதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு பதினொரு ஞாயிறு மணியடித்தேன். யாரும் வரவில்லை. பாய் விரித்தேன், பாட்டுப் பாடினேன், பாதியில் நிறுத்தினேன். ஆமென் சொல்லக் கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் எல்லா வாரமும் சொல்லாது. சிரிக்கிறீர்கள்; எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்த ஊரில் வேதக்காரன் நான் ஒருவன்தான். மனைவியை அடக்கம் செய்த ஆண்டிலிருந்து என் வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது அந்த ஒரு நாள்தான். அதுவும் போயிற்று. ஊரார் மனம் கல் என்று கர்த்தரிடம் முறையிட்டேன். வேறு யாரிடம் முறையிடுவேன்?

ஒரு நாள் கிணற்றடியில் ஆத்தாயியைக் கண்டேன். "என்மேல் கோபமா சாமி?" என்று, அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை அழைக்கும் முறையிலேயே கேட்டேன்.

"கோவமில்லீங்க சாமி. அந்த மேய்ப்பரு ஒண்ணத் தேடிப் போனாருங்களே, மீதி ஆட்டையெல்லாம் ஆருங்க பாத்துக்கிட்டாங்க? நீங்க அதச் சொல்லவே இல்லீங்களே," என்றாள்.

சபையோரே, இருபது ஆண்டுகள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை கைதட்டல். ஒரு முறையாவது அந்த மீதி ஆடுகளை நினைத்தேனா? அன்பாயிரு என்று ஒரு குழந்தையை ஏவிவிட்டு, அந்த அன்பின் பாரத்தை அவள் தலையிலேயே வைத்துவிட்டு, நான் அடுத்த வாரக் கதைக்குப் போய்விட்டேன். கல்லாயிருந்தது யார் மனம்?

மறுநாளே கவுண்டரிடம் போனேன். தவறு என்னுடையது, இனி ஞாயிறுதோறும் உங்கள் ஆடுகளை நான் மேய்க்கிறேன் என்றேன். "ஊரு சிரிக்குமுங்க," என்றார். சிரிக்கட்டும் என்றேன். சிரித்தார்கள். வெயிலில் நாற்பது ஆடுகளோடு நின்றேன். வேட்டி கிழிந்தது, கால் வெடித்தது, பேச ஆளில்லை. ஏழு மாதம்.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு, ஆத்தாயி, தன் அம்மா கொடுத்தனுப்பிய கம்பங்கூழோடு மேய்ச்சல் காட்டுக்கு வந்தாள். ஆடுகளைப் பார்த்த பார்வையிலேயே, "ஒரு குட்டி கொறையுதுங்க சாமி," என்றாள். சொன்னவள் நகரவில்லை. தேடிப் போக அந்தக் குழந்தைக்குப் பயம், பெரியோர்களே. நான் வளர்க்க வந்த அன்பு அங்கே பயந்து நின்றது.

"நீ போய்த் தேடு, சாமி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓடினாள். அவள் குட்டியோடு திரும்பும்வரை ஓர் ஆட்டையும் சோளப்பக்கம் விடாமல் நின்றேன். இருபது ஆண்டில் நான் நடத்திய முதல் வேதபாடம் அதுதான். அன்று முதல் ஞாயிறுதோறும் அந்தக் காட்டுக்கு வருகிறாள்; கவுண்டரும் தடுக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் இங்கே வாசித்தார்கள்.

ஒரு குழந்தைக்கு ஒரு பள்ளியா என்று கேட்பீர்கள். நூற்றிருபது பேரும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை அந்தக் காட்டுக்குத் திரும்பிப் போக விடுங்கள். இதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பொறுமையாகக் கேட்ட அக்கிராசனர் அவர்களுக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. கர்த்தரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.