ஐந்து அங்குலம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். நிதானமாகச் சவரம் செய்கிறவன் நான். எல்லாவற்றிலும் அப்படித்தான். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். என் வேலையே அதுதான். பதினேழு வருடமாக லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறேன். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் இதுவரை அறுந்து விழவில்லை.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. லிஃப்ட் இருக்கிற எந்தக் கட்டடத்துக்கும் தார்ச்சாலை உண்டு என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதில்லை. வேலைக்கு ஜீப்பில்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள பழைய கல்குவாரிக்கு. அங்கே இன்னும் மூன்று பேர் ஜீப்பில் வருவார்கள். எங்கள் நால்வருக்கும் தொப்பை உண்டு. நால்வரும் பாறைமேல் வண்டி ஏற்றுவோம். என்னுடையது மட்டும் ஏறும்போது இரண்டு பக்கமும் ஆடும். அதற்குத் ‘தொட்டில்’ என்று பெயர் வைத்தார்கள்.

“தொட்டில் வந்தாச்சு. சத்தம் போடாதீங்கப்பா, உள்ள குழந்தை தூங்குது” என்பார் அவர்களில் ஒருவரான பல் டாக்டர். எனக்கு நாற்பத்தொன்பது வயது.

வண்டி ஆடாமல் இருக்க, இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கிற ஆக்சில் அகலமாக இருக்க வேண்டும். எட்டு மாதம் தேடினேன். ஒரு சரக்கு வேனிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்று கிடைத்தது. என்னுடையதைவிட ஐந்து அங்குலம் அகலம். இரும்பும் ஒன்றரை மடங்கு தடிமன். அதன் படம் என் ஃபோனில் ஆறு கோணங்களில் இருக்கிறது. என் கல்யாணப் படம் அதில் ஒன்றுகூட இல்லை. ஃபோன் உங்களிடம்தான் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

அகலம் என்பது ஆசை. ஆசையை வீட்டில் சொல்ல முடியாது. காரணம் வேண்டும். தேடினேன், நல்ல காரணமாகவே அமைந்தது. எங்கள் ஜீப்பின் பின்பக்க ஆக்சிலில், உள்ளே சுற்றுகிற இரும்புத் தண்டான ஷாஃப்டின் நுனியிலேயே சக்கரம் மாட்டியிருக்கும். ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் கழன்று போய்விடும். புதியது அப்படியல்ல. ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். இதை ஒரு தாளில் படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். அவள் பிசியோதெரபிஸ்ட். எலும்பும் மூட்டும் தெரிந்தவள். உடனே புரிந்துகொண்டாள்.

“இதுவரைக்கும் ஒடிஞ்சிருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“அப்புறம்?”

“ஒடிஞ்சா?”

“ஒடியட்டும். ஒடிஞ்ச மறுநாளே வாங்கலாம், நானே கூட வர்றேன். அதுவரைக்கும் அந்த அகலத்தை நம்ம கேட்டுக்குள்ள யாரு நுழைக்கிறது? வாரத்துல ரெண்டு நாள் நானும்தான் ஓட்டறேன். குவாரிக்குப் போயிட்டு வந்து ராத்திரியெல்லாம் முனகறீங்களே, முதல்ல உங்க முதுகுக்கு ஒரு ஆக்சில் பாருங்க.”

கேட்டை அளந்தேன். இருபுறமும் உள்ளங்கை அகலம் மிஞ்சியது. அதை அவளிடம் சொன்னேன். யாருடைய உள்ளங்கை என்று கேட்டாள்.

மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, தட்டிப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்தார்.

“சார், இது நாலு யானைய ஏத்தினாலும் தாங்கும். நீங்க ஏத்தறது நாலு ஃபைலு.”

என் மனைவி சிரித்தாள். அவருக்குக் காபி கொடுத்தாள். அவர்கள் இருவரும் சமையலறை வாசலில் நின்று சிரித்ததை நான் ஜீப்புக்கு அருகில் நின்று கேட்டேன். அவ்வளவுதான். பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் இடது பின்சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டை உருவி, சக்கரம் மாட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே, அதன் கழுத்தில், இரும்பு அறுக்கிற கிரைண்டரால் ஒரு கீறல் போட்டேன். இரும்பில் ஆழமான ஒரு கீறல் விழுந்தால் போதும், மீதியை வண்டி ஓட ஓட பாரமே பார்த்துக்கொள்ளும். லிஃப்ட் வேலையில் முதல் வருடம் கற்றுத்தருவது அது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். பாதுகாப்பில் நான் சமரசம் செய்வதில்லை.

மறுநாள் குவாரியில், மற்றவர்கள் கண்ணெதிரே, ஆமை வேகத்தில் அது ஒடியும். அதுதான் திட்டம். என்னைத் தவிர யாரும் வண்டியில் இருக்க மாட்டார்கள். ஒடிந்த துண்டை எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பேன். மேசையில் கறை படாமல் இருக்கப் பழைய செய்தித்தாளும் எடுத்து வைத்திருந்தேன்.

ஒடியவில்லை. எந்தப் பாறையில் ஏற்றினாலும் ஏறியது. அதுவரை ஏறாத பாறையிலும் ஏறியது. “தொட்டிலுக்கு என்னய்யா ஆச்சு இன்னைக்கு, வெறி புடிச்ச மாதிரி ஏறுது?” என்று பல் டாக்டர் கைதட்டினார். எட்டு வருடத்தில் முதல் கைதட்டல். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மெக்கானிக் சொன்னது சரிதான் என்பதை நிரூபிக்க நான் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டேன்.

திங்கட்கிழமை அதைச் சரிசெய்திருக்கலாம். ஷாஃப்ட் மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் புது ஷாஃப்ட் மெக்கானிக்கிடம்தான் கிடைக்கும். பழையதைக் கொண்டா என்பார். கீறலைப் பார்ப்பார். கிரைண்டர் கீறலை எந்த மெக்கானிக்கும் அடையாளம் காண்பார். அவர் சிரிப்பார். பிறகு என் மனைவியிடம் சொல்வார், அவளும் சிரிப்பாள். நான் நன்றாக யோசித்தேன். சரிசெய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் முறை. செவ்வாயும் வெள்ளியும் அவள் மலைச்சாலையில் இறங்கி, கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போவாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

“பெட்ரோல் இருக்கா?”

“இருக்கு.”

“காத்து?”

“நேத்துதான் பாத்தேன்.”

“சரி, வர்றேன். கன்னத்துல நுரை இருக்கு பாருங்க.”

பெட்ரோல் இருந்தது. காற்றும் பார்த்திருந்தேன். பஸ்ஸில் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலைச்சாலைக்கு முன்னால் எங்கள் தெருவில் நான்கு வேகத்தடைகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில், நடக்கிற வேகத்தில், அது ஒடியும். வண்டி ஒரு பக்கம் சாயும். சக்கரம் சாக்கடை வரை உருண்டுபோகும். அவள் கைப்பையோடு நடந்து வீட்டுக்கு வந்து, நீங்க சொன்னது சரிதாங்க என்பாள். அந்தக் குரல் எனக்குக் கேட்டது. “விடு, இப்பவாவது புரிஞ்சுதே” என்று நான் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நுரை இன்னும் இருந்தது.

நான்கு வேகத்தடைகளையும் அது தாண்டிவிட்டது. இறக்கத்தில், மூன்றாவது வளைவில் ஒடிந்தது. மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது. படங்களையும் காட்டினீர்கள். கழன்ற சக்கரம் அவளைவிட நல்ல நிலையில் இருந்தது. இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் பார்த்தேன், சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

எட்டு ஒன்பதுக்கு அவளிடமிருந்து எனக்கு வந்த அழைப்பைப் பற்றி மூன்று முறை கேட்டீர்கள். இரண்டு முறை, காய்கறி வாங்குவது பற்றி என்றேன். காய்கறி இல்லை. நாற்பத்து நான்கு விநாடிகள் என்று பதிவில் இருக்கிறது. அவள் பேசியது பத்து விநாடி. மீதி நேரம் அவள் காத்திருந்தாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டாதே என்றால் ஏன் என்பாள். மெக்கானிக்கைக் கூப்பிடுவாள். அவர் அங்கேயே சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றுவார். ஓட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு கல்நெஞ்சக்காரன் அல்ல நான். அதனால் எதுவும் சொல்லவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து அவளே துண்டித்துவிட்டாள். அன்று நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“ஏங்க, பின்னாடி இடது சக்கரத்துகிட்ட கரகரன்னு ஒரு சத்தம் வருது. இறக்கத்துக்கு முன்னாடியே ஓரமா நிறுத்திட்டேன். உங்களுக்குத்தான் தெரியும். ஓட்டிட்டுப் போலாமாங்க?”