இடப்பக்கத்துப் பித்தளைப் பட்டை

பித்தளை நல்ல சுபாவமுள்ள உலோகம், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரப்படுத்தினால்தான் முறுக்கிக்கொள்ளும். விசாரிக்க வந்த நீங்கள், உட்காரும் முன்பே என் மாதிரி ரயில் என்ஜினைக் குனிந்து பார்த்து, "இந்த மஞ்சள் கோடு பெயின்ட்டா?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காகவே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பெயின்ட் இல்லை. தீக்குச்சியில் பாதி அகலமுள்ள பித்தளைப் பட்டை, ஈயம் வைத்துப் பற்றவைத்தது.

என் மனைவியின் அண்ணனும் நானும் இருபத்திரண்டு வருடங்களாகச் சேர்ந்து என்ஜின் கட்டினோம். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்ள, எங்கள் மாதிரி ரயில் கிளப்பில் இருவருக்கும் சேர்த்து 'டபுள் என்ஜின்' என்று பெயர். அவர் இடுக்கியால் பட்டையைப் பிடிப்பார். நான் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னை ஓட்டுவேன். ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் பட்டை புடைத்துக்கொள்ளும், பிறகு தலைகீழாக நின்றாலும் நேராகாது.

அதனால் எங்களுக்குள் இரண்டு சட்டங்கள். சூடு ஏறிய பிறகு பேச்சு கிடையாது. மேசைக்கு வரும் முன் சட்டைப் பையைக் கதவோரத் தட்டில் காலி செய்துவிட வேண்டும். இந்த இரண்டாவது சட்டம் வந்த கதை வேடிக்கையானது. ஒருமுறை மச்சான் குனிந்தபோது அவருடைய கண்ணாடிக் கூடு நழுவி என்ஜின் கூரைமேல் விழுந்தது. மூன்று நாள் வேலை சப்பையாகிவிட்டது. நான் முறைத்தேன். அவர் பதறவே இல்லை. "விபத்து நடந்த இடத்தை யாரும் தொடாதீங்க" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படிப்பட்ட மனிதர்.

ஒரே குறை, அசல் என்ஜின் எப்படி இருந்ததோ அதிலிருந்து இம்மி பிசகக் கூடாது என்பார். கிளப் கண்காட்சியின் நடுவர் குழுவுக்குத் தலைவரும் அவரே. பதினோரு மாதம் நான் உயிரைக் கொடுத்துக் கட்டிய என்ஜினில் பட்டை வைக்கத் தொடங்கிய அன்றே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அசல்ல பித்தளையே கிடையாது மாப்ள. முழுக்கக் கறுப்பு. இதைப் பொம்மைப் பிரிவுலதான் வைக்க முடியும்."

பொம்மைப் பிரிவில் போன வருடம் சாவி கொடுத்தால் நடக்கும் வாத்து ஒன்று இருந்தது. என் என்ஜின் அந்த வாத்துக்குப் பக்கத்தில். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அப்புறம் எதுக்கு வந்து பிடிச்சுக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தப்பான வேலைன்னாலும் சுத்தமா இருக்கட்டுமே."

கண்காட்சி சனிக்கிழமை. வியாழன் காலை பத்து மணிக்கு வந்தார். வலப்பக்கம் முடிந்திருந்தது, இடப்பக்கம்தான் பாக்கி. பையில் இருந்ததையெல்லாம், நெஞ்சுவலி மாத்திரைக் குப்பி உட்பட, தட்டில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள, ஒரு சங்கதி" என்று ஆரம்பித்தார்.

"சூடு ஏறிடுச்சு மச்சான். அப்புறம் பேசலாம்."

உடனே வாயை மூடிக்கொண்டு இடுக்கியை எடுத்தார். சட்டத்தை மதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கால்வாசி தூரம் ஓடியிருக்கும். அவருடைய மூச்சு மாறியது, நெற்றி வியர்த்தது. "மாத்திரை" என்றார். சூடு ஏறிய பிறகும் பேசினார் என்றால் வலி பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். தட்டு நாலடி எடுத்து வைக்கும் தூரத்தில் இருந்தது.

நான் யோசித்தேன், அதை மறைக்க மாட்டேன். நிறுத்தினால் பட்டை புடைக்கும். நிறுத்தாவிட்டால் சனிக்கிழமை நடுவர் குழுவுக்கு வேறு தலைவர் வருவார். எப்படிப் பார்த்தாலும் நிறுத்தாமல் இருப்பதே நல்லதாகப் பட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். "அசையாதீங்க மச்சான், இன்னும் கொஞ்சம்தான்." அன்பாகத்தான் சொன்னேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவர் இடுக்கியை விடவில்லை. வலக்கை நடுங்கியது, இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பட்டை மறுமுனையைத் தொட்ட பிறகுதான் சரிந்தார். எத்தனை பேருக்கு வரும் அந்த நிதானம்?

ஈயம் வைத்த இடத்தை உடனே கழுவாவிட்டால் பித்தளை பச்சை பூத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷால் கழுவினேன், துடைத்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட அரை மணி நேரம் ஏன் தாமதம் என்று கேட்டீர்களே, அந்த நேரம் இங்கேதான் போனது. மச்சான் தரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவி முடிக்கும் வரை பார்த்தார், துடைக்கும்போது பார்க்கவில்லை. பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவரை எடுத்தோம். சனிக்கிழமை என்ஜினுக்கு முதல் பரிசு. அவருக்குப் பதில் வந்த தலைவர் பட்டைகளின் மேல் விரலை ஓட்டி, "சொக்கிப் போயிட்டேன் சார்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் இது முழு வாக்குமூலம் ஆகாது.

கோப்பையோடு வீட்டுக்குப் போனேன். மனைவி அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் உங்ககிட்ட சொன்னாரா? அந்த அசல் என்ஜின்ல முதல் ரெண்டு வருஷம் பித்தளை இருந்துச்சாம். தன் மேலதான் தப்புன்னு கிளப்புக்கு எழுதியே குடுத்துட்டாரு. 'நானே சொல்றேன், மாப்ள மூஞ்சியைப் பார்க்கணும்'னு என்னைச் சொல்ல விடல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரண்டு நிமிடம் அவரைப் பேச விட்டிருக்கலாம்தான்.

ஆனாலும் மச்சானை எனக்குத் தெரியும், ஐயா. பித்தளையை விட்டிருந்தால் அடுத்து புகைபோக்கி வளையம் தப்பு என்று பிடித்துக்கொண்டிருப்பார். அவர் சாகட்டும் என்றுதான் தோளை அழுத்தினேன், அதில் எனக்கு மறுப்பில்லை, கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். அதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் இருவருக்கும் வேலைதான் முதலில். அன்றைக்கு அவரைக் கேட்டிருந்தால், அவரும் பட்டையை முடிக்கத்தான் சொல்லியிருப்பார்.